புதுக் கம்ப்யூட்டர் திரையில் மஞ்சள் தட்டினால்

புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒயர்களை மாட்டி, ஆன் செய்கிறோம். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்ததும் கண்ணில் ஏதோ உறுத்துகிறது. மேல்பாதி வெள்ளையாகத்தான் இருக்கிறது, கீழே வரவர லேசாக மஞ்சள் தட்டுகிறது. சிலருக்கு முழுத் திரையுமே பழுப்பேறிய காகிதம்போலத் தெரியும். வீட்டில் கூப்பிட்டுக் காட்டினால் ஒருவர் "ஆமா, மஞ்சளாத்தான் இருக்கு" என்பார், இன்னொருவர் "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்பார். கடையில் கேட்டால் "செட்டிங்ஸ் மாத்தினா சரியாயிடும் சார்" என்று அனுப்பிவிடுவார்கள்.

செட்டிங்ஸால் சரியாகுமா ஆகாதா என்பதை நாமே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு ஒரே ஒரு கேள்வி போதும். நிறம் மாறியிருப்பது திரை முழுவதும் ஒரே சீராகவா, அல்லது குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டுமா?

முழுவதும் ஒரே சீராக என்றால் பெரும்பாலும் செட்டிங்ஸ், கேபிள், அல்லது கம்ப்யூட்டர் அனுப்பும் சிக்னல்தான் காரணம். வீட்டிலேயே சரிசெய்ய நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் என்றால் அது அநேகமாகப் பேனலின், அதாவது படம் தெரியும் திரைப் பலகையின், குறை. அதை எந்த மெனுவுக்குள் போயும் நீக்க முடியாது, மாற்றித்தான் வாங்க வேண்டும். காரணம் எளிமையானது: செட்டிங்ஸ் என்பது திரையில் உள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே உத்தரவு. நீலத்தைக் கொஞ்சம் கூட்டினால் கீழே உள்ள மஞ்சள் குறையும், ஆனால் மேலே நன்றாக இருந்த வெள்ளை நீலமாகிவிடும்.

இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் திரும்பக் கொடுக்கும் கெடு முடியும்வரை மெனுவோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளை எங்கிருந்து வருகிறது

இன்று மேசைக் கம்ப்யூட்டர்களோடு வரும் மானிட்டர்களில் பெரும்பாலானவை எல்சிடி வகை. எல்சிடி திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னால் பேக்லைட் என்ற வெள்ளை விளக்கு எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். அதன் முன்னால் இருக்கும் திரவப் படிகப் படலம் ஒவ்வொரு புள்ளியிலும் ஒளியை எவ்வளவு விடலாம், எவ்வளவு மறைக்கலாம் என்று தீர்மானிக்கிறது. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப்புள்ளிகள் உண்டு. 1920×1080 திரை என்றால் 20,73,600 பிக்சல்கள், 62,20,800 துணைப்புள்ளிகள். மூன்று நிறங்களும் முழுதாகத் திறந்தால் நமக்கு வெள்ளை தெரிகிறது.

ஆக, வெள்ளை எப்படி இருக்கும் என்பது முதலில் அந்தப் பின்விளக்கைப் பொறுத்தது. இங்கேதான் மஞ்சளின் வேர் இருக்கிறது.

பின்விளக்கில் இருப்பவை வெள்ளை எல்இடிகள். உண்மையில் வெள்ளை ஒளியை நேரடியாகத் தரும் எல்இடி சில்லு என்று ஒன்று கிடையாது. நடைமுறையில் அதிகம் பயன்படுவது நீல எல்இடி சில்லின்மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் பூச்சு. நீல ஒளியில் ஒரு பங்கு பூச்சைத் தாண்டி நீலமாகவே வெளியே வருகிறது, மீதி பூச்சில் பட்டு மஞ்சளாக மாறுகிறது. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளை. பிரகாசமான நீல எல்இடியை உருவாக்கியதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் பார்க்கும் திரை வெள்ளை எல்லாம் அந்த நீலத்திலிருந்து பிறந்ததுதான்.

பூச்சு ஒரு துளி கனமாக விழுந்தால் வெள்ளை மஞ்சள் பக்கம் சாயும், மெலிதாக விழுந்தால் நீலம் பக்கம் சாயும். ஒரே இயந்திரத்தில், ஒரே நாளில் வந்த எல்இடிகள்கூட ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அதனால் தொழிற்சாலையில் அவற்றை நிறச்சாயல் வாரியாகத் தரம் பிரித்து வைப்பார்கள். நெருக்கமான சாயல் உள்ளவற்றை மட்டும் ஒரே திரையில் போட்டால் வெள்ளை சீராக இருக்கும். பிரிப்பதில் எவ்வளவு கண்டிப்பு காட்டுகிறார்களோ அந்த அளவுக்குப் பேனலின் விலையும் ஏறும்.

அடுத்தது அந்த விளக்குகள் எங்கே இருக்கின்றன என்பது. மெல்லிய மானிட்டர்கள் பலவற்றில் எல்இடிகள் திரைக்குப் பின்னால் பரவியிருப்பதில்லை. ஏதோ ஒரு விளிம்பில், பெரும்பாலும் கீழ் விளிம்பிலோ பக்கவாட்டிலோ, வரிசையாக உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து ஒளி அக்ரிலிக் போன்ற தெளிவான பிளாஸ்டிக் தகடு ஒன்றின் வழியே எதிர் விளிம்புவரை ஓட வேண்டும். ஓடும் வழியில் தகட்டில் உள்ள நுண்புள்ளிகளில் மோதி, முன்பக்கமாகத் திரும்பி, திரையை ஒளிர வைக்கிறது. ஒளி நீண்ட தூரம் ஓடும்போது அதிலிருக்கும் நீலம்தான் முதலில் இழப்புக்கு ஆளாகிறது. ஜன்னல் கண்ணாடியை நேராகப் பார்த்தால் நிறமே இல்லை, அதே கண்ணாடியை விளிம்பு வழியாகப் பார்த்தால் பச்சையாகத் தெரிகிறதல்லவா, அதுபோலத்தான் இதுவும். மெல்லிய குறுக்களவில் தெரியாத நிறம் நீண்ட தூரத்தில் தெரிந்துவிடுகிறது. விளக்குக்கு அருகே குளிர்ந்த வெள்ளை, தூரத்தில் லேசான மஞ்சள். பெரிய திரையில் தூரமும் பெரிது, எனவே இந்தச் சிக்கலும் பெரிது.

இந்தத் தகட்டின்மேல் ஒளியைப் பரப்பும் தாள்கள், அதற்குமேல் ஒளியை ஒரு திசையில் மட்டும் அதிரவிடும் போலரைசர், பிறகு திரவப் படிகம், நிற வடிகட்டி, இன்னொரு போலரைசர் என்று அடுக்கடுக்காகப் போகிறது. திரவப் படிகம் நிற்கும் இடைவெளி சில மைக்ரோமீட்டர்தான், அதாவது தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு. சட்டகம் ஒரு மூலையில் இறுக்கிப் பிடித்தாலோ, வண்டியில் வரும்போது திரைமேல் அழுத்தம் விழுந்தாலோ, அந்த இடைவெளி மாறி அங்கே மட்டும் நிறம் மாறும். இத்தனை அடுக்குகளில் எது கோணினாலும் விளைவு திரையில் வந்து நிற்கும். எந்த அடுக்கு என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க நம்மால் முடியாது, தேவையும் இல்லை.

2009இல் நடந்தது

மென்பொருளால் தீரும் குறைக்கும் பேனலின் குறைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு நல்ல சான்று, திரையும் கம்ப்யூட்டரும் ஒன்றாக வரும் 27 அங்குல ஐமேக். 2009 அக்டோபர் 20 அன்று ஆப்பிள் அதை அறிமுகப்படுத்தியது. 2560×1440 பிக்சல், எல்இடி பேக்லைட், பார்க்கும் கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைப் பேனல். வீட்டில் வைக்கும் கம்ப்யூட்டருக்கு அந்நாளில் அது நல்ல பெரிய திரை. விற்பனைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே திரை பற்றி இரண்டு புகார்கள் பரவலாக வந்தன. ஒன்று, படம் திடீரென்று நடுங்குவது, சிதறுவது. இன்னொன்று, திரையின் கீழ்ப்பகுதியில் மஞ்சள் தட்டுவது. வாங்கியவர்கள் திரையின் மேலும் கீழும் ஒரே சாம்பல் நிறப் பட்டைகளைக் காட்டி, இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

நடுக்கத்துக்கு மென்பொருள் வழியில் மருந்து வந்தது. 2009 டிசம்பரில் கிராஃபிக்ஸுக்கான ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) அப்டேட், 2010 பிப்ரவரியில் டிஸ்ப்ளேவுக்கான ஃபர்ம்வேர் அப்டேட். இரண்டும் நடுக்கத்தைக் குறிவைத்தவை. மஞ்சளுக்கு அப்படி அப்டேட் எதுவும் வரவில்லை. அந்தக் குறை உள்ளவர்கள் சர்வீஸை அணுகும்படிதான் நிறுவனம் சொன்னது. பலர் முழு இயந்திரத்தையே மாற்றி வாங்கினார்கள். மாற்றி வந்ததிலும் மஞ்சள் இருந்து, திரும்பவும் மாற்றியவர்கள் உண்டு. ஒரே பெட்டியில் வந்த இரண்டு குறைகள்தான், ஆனால் ஒன்று சிக்னலின் பாதையில் இருந்தது, மற்றது பேனலின் உடலில் இருந்தது.

முழுத் திரையும் மாறியிருந்தால்

சோதனையைத் தொடங்கும் முன் மானிட்டர் அரை மணி நேரம் ஓடட்டும். ஆன் செய்த உடனே பேக்லைட்டின் நிறமும் வெளிச்சமும் நிலைப்பட்டிருக்காது.

முதலில் பார்க்க வேண்டியது இரவுநேர வசதிகளை. விண்டோஸில் நைட் லைட், மேக்கில் நைட் ஷிஃப்ட் என்று இருக்கும். சாயங்காலம் ஆனதும் நீலத்தைக் குறைத்துத் திரையை மஞ்சளாக்குவதுதான் அவற்றின் வேலையே. "காலையில நல்லா இருக்கு, ராத்திரியில மஞ்சளா இருக்கு" என்று யாராவது சொன்னால் வேறெதையும் தேடாமல் நேராக இங்கே போகலாம். மேக்கில் ட்ரூ டோன் என்று இன்னொன்றும் உண்டு, அறை வெளிச்சத்துக்கு ஏற்ப வெள்ளையை மாற்றும். மானிட்டரின் சொந்த மெனுவிலும் கண் பாதுகாப்பு, ரீடிங் மோடு, லோ புளூ லைட் என்று ஏதோ ஒரு பெயரில் இதே வேலையைச் செய்யும் வசதி இருக்கும். சில மானிட்டர்களில் அது பெட்டியிலிருந்து வரும்போதே ஆன் ஆகியிருக்கும். மெனுவில் ஃபேக்டரி ரீசெட் கொடுத்து, கலர் டெம்பரேச்சரை (வெள்ளை மஞ்சள் பக்கமா நீலம் பக்கமா என்று சொல்லும் அளவு) 6500 கெல்வின் என்றோ எஸ்ஆர்ஜிபி என்றோ வையுங்கள்.

6500 என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் புதுத் திரையின் மஞ்சள் பற்றிய புகார்களில் கணிசமானவை குறையே அல்ல. எஸ்ஆர்ஜிபி தரநிலை சொல்லும் வெள்ளை சுமார் 6500 கெல்வின், பகல் வெளிச்சத்தை ஒட்டியது. பழைய மானிட்டர்கள் பல 9300 கெல்வினில் வந்தன. அது நீலம் கலந்த வெள்ளை. அந்த நீலத்தையே ஐந்தாறு வருடம் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சரியான வெள்ளை மஞ்சளாகத்தான் தெரியும். பழைய மானிட்டரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் இன்னும் மோசமாகத் தெரியும். நம் கண், இரண்டு நிறங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைச் சொல்வதில் கெட்டி, எது உண்மையான வெள்ளை என்று சொல்வதில் அவ்வளவு நம்பகமானது அல்ல. எனவே முழுத் திரையும் ஒரே சீராக, லேசாக மட்டும் மஞ்சளாக இருந்தால் பழையதை அப்பால் எடுத்து வைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் புதியதில் மட்டும் வேலை செய்து பாருங்கள்.

வெள்ளைக் காகிதத்தைத் திரையோரம் பிடித்துப் பார்ப்பதும் பலர் செய்வதுதான். செய்யலாம், ஆனால் அறையில் 2700 கெல்வின் மஞ்சள் பல்பு எரிந்தால் காகிதமே மஞ்சளாகிவிடும், திரை நீலமாகத் தெரியும். பகலில் ஜன்னல் வெளிச்சத்தில், அல்லது கூல் டேலைட் வகை விளக்கின் கீழ் பார்த்தால் ஓரளவு நம்பலாம்.

செட்டிங்ஸ் எல்லாம் சரியாக இருந்தும் நிறம் தப்பாக இருந்தால், குறை கம்ப்யூட்டரிலா மானிட்டரிலா என்று பிரிக்க வேண்டும். அதற்கு நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்து பார்க்கும் சோதனை. மானிட்டரின் பொத்தானை அழுத்தினால் திரைமேல் வரும் மெனு கம்ப்யூட்டர் அனுப்புவதல்ல, மானிட்டரே வரைவது. பின்னால் உள்ள படம் இளஞ்சிவப்பாக இருக்கும்போது மெனுவில் உள்ள வெள்ளை எழுத்து மட்டும் சுத்த வெள்ளையாக இருந்தால் மானிட்டர் நல்ல நிலையில் இருக்கிறது, சிக்னல்தான் கெட்டு வருகிறது. மெனுவும் சேர்ந்து இளஞ்சிவப்பாக இருந்தால் மானிட்டரின் கோளாறு. செலவில்லை, கருவி வேண்டாம், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஸ்க்ரீன்ஷாட்டும் இதே வேலையைக் கொஞ்சம் வேறு விதத்தில் செய்யும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேறொரு போனில் திறந்து பாருங்கள். அதிலும் நிறம் தப்பாக இருந்தால் படத்தை உருவாக்கும் மென்பொருளில்தான் பிழை. போனில் நன்றாகத் தெரிந்தால் அதற்குப் பிந்திய கட்டங்களில் எங்கோ பிழை: கேபிள் அல்லது மானிட்டர். மக்கள் மஞ்சளைக் காட்டுவதற்காக ஸ்க்ரீன்ஷாட் எடுத்து சர்வீஸுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் "நன்றாகத்தானே இருக்கிறது" என்று பதில் போடுவதைப் பார்த்துக் கோபப்படுவதுண்டு. பேனலின் குறை ஸ்க்ரீன்ஷாட்டில் வரவே வராது.

கேபிளில் பழைய விஜிஏதான் பெரும்பாலும் நிறத்தை நேரடியாகக் கெடுக்கும். அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிப் பின்களில் போகின்றன. நீலத்துக்கான பின் வளைந்தாலோ சரியாகப் பொருந்தாமல் இருந்தாலோ முழுத் திரையும் அடர் மஞ்சளாகிவிடும். பச்சை போனால் மெஜந்தா, சிவப்பு போனால் வெளிர்நீலம். கழற்றி நேராக மாட்டினாலே பல நேரம் சரியாகிவிடும். எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்கள் பொதுவாக அப்படிக் கெடுவதில்லை. அவை பழுதானால் பெரும்பாலும் புள்ளிகள் மின்னும், படம் விட்டுவிட்டு வரும். எச்டிஎம்ஐயில் திரை முழுக்கப் பச்சையோ இளஞ்சிவப்போ ஆனால், கம்ப்யூட்டர் ஒரு நிறவடிவத்தில் அனுப்ப மானிட்டர் அதை வேறு வடிவமாக எடுத்துக்கொண்டிருக்கலாம். கிராஃபிக்ஸ் கார்டின் செட்டிங்ஸில் கலர் ஃபார்மட்டை ஆர்ஜிபி என்று மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் கலர் புரொஃபைல், அதாவது மானிட்டர் நிறங்களை எப்படிக் காட்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பு. மானிட்டரை மாட்டியதும் விண்டோஸ் அதற்கான புரொஃபைல் ஒன்றைத் தானாகவே இறக்கி வைப்பதுண்டு. அது பிழையானதாக இருந்தால் போட்டோ காட்டும் சில மென்பொருள்களில் மட்டும் வெள்ளை மஞ்சளாகத் தெரியும், டெஸ்க்டாப் நன்றாகவே இருக்கும். கலர் மேனேஜ்மென்டில் போய் அந்தப் புரொஃபைலை எடுத்துவிட்டு எஸ்ஆர்ஜிபியை வைத்தால் தீர்ந்தது. வெளிச்சத்தையும் இருளையும் அகன்ற வீச்சில் காட்டும் எச்டிஆர் வசதி ஆன் ஆகியிருந்து சாதாரண பக்கங்கள் வெளிறித் தெரிவதும் உண்டு, அதை அணைத்துப் பாருங்கள்.

ஓரிடத்தில் மட்டும் என்றால்

நிறச்சீர்மையைச் சோதிக்க வெள்ளையைவிடச் சாம்பல் நல்லது. நடுத்தரச் சாம்பல் நிறத்தில் ஒரு படம் உருவாக்கித் திரை முழுக்கக் காட்டுங்கள். விண்டோஸின் பெயின்டிலேயே செய்துவிடலாம். வெள்ளையில் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்து மறைத்துவிடும் சாயல்கள் சாம்பலில் தெரிந்துவிடும். அட்டைத் துண்டு ஒன்றால் நடுப்பகுதியை மறைத்துவிட்டு மேலையும் கீழையும் மட்டும் பாருங்கள், பிறகு இடதையும் வலதையும். நடுவில் மெதுவாக மாறிக்கொண்டே போகும்போது ஏமாறுகிற கண், இரண்டு முனைகளை மட்டும் காட்டினால் உடனே வித்தியாசத்தைப் பிடித்துவிடும். இன்னொரு வழி, நோட்பேடை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி மவுஸால் பிடித்து மேலிருந்து கீழே மெல்ல இழுப்பது. அதே வெள்ளைச் சதுரம் கீழே வந்ததும் மஞ்சளானால் திரையின் அந்த இடம்தான் மஞ்சள்.

உடனே பேனலைக் குற்றம் சொல்லிவிட முடியாது. பார்க்கும் கோணம் என்று ஒன்று இருக்கிறது. மலிவான டிஎன் வகைப் பேனல்களில் மேலும் கீழுமாகக் கோணம் மாறினால் நிறம் மாறும். நேராக உட்கார்ந்திருந்தாலும் திரையின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் நாம் வேறுவேறு கோணத்தில்தான் பார்க்கிறோம். எனவே எழுந்து நின்று பாருங்கள், பிறகு குனிந்து கீழ்ப்பகுதிக்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மஞ்சள் உங்கள் தலையோடு சேர்ந்து நகர்ந்தால் அது கோணத்தின் விளைவு, அந்த வகைப் பேனலின் இயல்பு. எங்கிருந்து பார்த்தாலும் அதே இடத்தில் அசையாமல் நின்றால் பேனலின் குறை. மானிட்டரைக் குத்துவாட்டில் திருப்ப முடிந்தால் இன்னும் உறுதியாகத் தெரிந்துவிடும்: குறை பேனலோடு சேர்ந்து பக்கவாட்டுக்குப் போய்விடும்.

இருட்டறையில் கறுப்புப் படம் காட்டும்போது மூலைகளில் தெரியும் வெளிச்சத்துக்கும் இதே சோதனைதான். ஐபிஎஸ் பேனல்களில் மூலையில் வெண்மையாகவோ மஞ்சளாகவோ ஓர் ஒளிர்வு இருக்கும், பின்னால் நகர்ந்து தள்ளி நின்றால் குறைந்துவிடும். அதைக் குறையாகக் கருத மாட்டார்கள். தள்ளி நின்றாலும் குறையாமல் விளிம்பிலிருந்து ஒளி கசிவது வேறு, அது சட்டகம் சரியாகப் பொருந்தாததால் வருவது. கொஞ்சம் கசிவு பெரும்பாலான திரைகளில் உண்டு. சாதாரண அறை வெளிச்சத்தில், நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் படங்களில் தெரிந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

தனிப்புள்ளிகள் இன்னொரு ரகம். எந்நேரமும் கறுப்பாக நிற்பது டெட் பிக்சல், சிவப்பிலோ பச்சையிலோ நீலத்திலோ மாட்டிக்கொண்டு ஒளிர்வது ஸ்டக் பிக்சல். இவற்றுக்கு எண்ணிக்கைக் கணக்கு உண்டு. 2001இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 தரநிலையும், 2008இல் அதன் இடத்துக்கு வந்த ஐஎஸ்ஓ 9241 வரிசையும் திரைகளை வகுப்புகளாகப் பிரிக்கின்றன. பழைய தரநிலையின் இரண்டாம் வகுப்பில் பத்து லட்சம் பிக்சலுக்கு, எந்நேரமும் எரியும் பிக்சல் இரண்டு, எந்நேரமும் அணைந்த பிக்சல் இரண்டு, துணைப்புள்ளிக் குறை ஐந்துவரை இருக்கலாம். அதனால்தான் ஒரே ஒரு டெட் பிக்சலைக் காட்டினால் நிறுவனங்கள் மாற்றித்தர மறுக்கின்றன. வாங்கும் முன்பே அந்த நிறுவனத்தின் டெட் பிக்சல் விதியைப் படித்துவிடுவது நல்லது. மஞ்சளை இப்படி எண்ணிச் சொல்ல முடியாது. அதனால் அங்கே வாதத்துக்கு இடம் அதிகம், சான்றும் அதிகம் தேவைப்படுகிறது.

ஓஎல்இடி மானிட்டர்களில் பேக்லைட் கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அங்கே குறை வேறு உருவத்தில் வரும், மிக அடர்ந்த சாம்பலில் கோடு கோடாகத் தெரியலாம். அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

பயன் தராதவை

படக்குழாய் டிவி, மானிட்டர் காலத்தில் ஸ்பீக்கரின் காந்தம் பட்டு மூலையில் ஊதாத் திட்டு வரும், காந்தத்தின் பாதிப்பை நீக்கும் டீகாஸ் பொத்தானை அழுத்தினால் போய்விடும். அந்த நினைவில் இன்றும் சிலர் "ஸ்பீக்கரைத் தள்ளி வைங்க" என்கிறார்கள். எல்சிடி திரை காந்தத்தால் அப்படி நிறம் மாறாது.

மஞ்சள் இருக்கும் இடத்தை விரலால் தேய்ப்பதும் அழுத்துவதும் கூடவே கூடாது. ஏற்கெனவே இருக்கும் குறையோடு அழுத்தத் தழும்பும் சேர்ந்துகொள்ளும், பிறகு சர்வீஸ் சென்டரில் "நீங்கள் ஏற்படுத்திய சேதம்" என்று எழுதிவிடுவார்கள்.

"உள்ளே இருக்கும் பசை காய்ந்ததும் தானாகப் போய்விடும், ஒரு மாதம் பொறுங்கள்" என்ற அறிவுரையும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். உங்கள் கையில் இருக்கும் விலைமதிப்புள்ள பொருள் அந்த முதல் சில நாள்கள்தான். அதைத் தாண்டிவிட்டால் 'மாற்றித் தருவது' என்பது 'பழுது பார்ப்பது' என்று சுருங்கிவிடும்.

நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் கருவியை வைத்துக் கேலிப்ரேட் (அளந்து திருத்துவது) செய்தால் போகுமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கருவியைத் திரையின் நடுவில் வைத்து அளந்து, அந்த அளவை வைத்து முழுத் திரைக்கும் ஒரே திருத்தம் போடுகிறோம். நடு சரியாகும், விளிம்பின் மஞ்சள் அப்படியே இருக்கும். விலை உயர்ந்த தொழில்முறை மானிட்டர்கள் சிலவற்றில் மட்டும் இடவாரியாகத் திருத்தும் வசதி உள்ளேயே உண்டு. அதற்கு விலையாகத் திரையின் உச்ச வெளிச்சமும் கான்ட்ராஸ்டும் கொஞ்சம் குறையும்.

கடையில் எப்படிப் பேசுவது

பேனலின் குறைதான் என்று உறுதியானதும் தாமதிக்க வேண்டாம். பெட்டி, தெர்மாகோல், உறை எல்லாவற்றையும் அப்படியே வைத்திருங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தப் பொருளுக்கான திரும்பக் கொடுக்கும் கெடுவை முதலில் பாருங்கள், பல நேரம் அது 7 அல்லது 10 நாள்தான். 'திரும்பப் பெறுவோம்' என்றிருக்கிறதா, 'மாற்றித் தருவோம்' என்று மட்டும் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

போட்டோ எடுப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. போன் கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்துகொள்ளும், அதனால் மேல்பாதியைத் தனியாகவும் கீழ்ப்பாதியைத் தனியாகவும் எடுத்தால் இரண்டும் வெள்ளையாக வந்துவிடும். சாம்பல் படத்தைக் காட்டி, முழுத் திரையும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி, நேருக்கு நேராக, கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள். கேமராவில் புரோ மோடு இருந்தால் ஒயிட் பேலன்ஸைப் பூட்டிவிடுங்கள். அந்த நோட்பேடை இழுக்கும் சோதனையை வீடியோவாக எடுத்தால் பேச்சே தேவையில்லை. இருட்டில் எடுக்கும் படங்கள் குறையைப் பல மடங்காக்கிக் காட்டும், அதைக் காரணம் காட்டித் தள்ளிவிடுவார்கள். எனவே சாதாரண அறை வெளிச்சத்திலேயே எடுங்கள்.

புகாரை எழுத்தில் கொடுங்கள். "திரை சரியில்லை" என்று எழுதினால் முதலில் இருந்து எல்லாவற்றையும் செய்து பார்க்கச் சொல்வார்கள். "ஃபேக்டரி ரீசெட் செய்தேன், வேறு கேபிளும் வேறு கம்ப்யூட்டரும் மாட்டிப் பார்த்தேன், மானிட்டரின் சொந்த மெனுவிலும் அதே இடத்தில் மஞ்சள் இருக்கிறது, பார்க்கும் கோணம் மாறினாலும் மாறவில்லை" என்று எழுதுங்கள். அடுத்து அவர்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கெல்லாம் அதிலேயே பதில் இருக்கிறது. திரைக்குள்ளேயே கம்ப்யூட்டரும் இருக்கும் ஆல்-இன்-ஒன் வகையில் கேபிளை மாற்ற முடியாது, அங்கே வெளி மானிட்டர் ஒன்றை மாட்டி அதில் நிறம் சரியாக வருவதைக் காட்டினால் போதும்.

பேனலை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பார்கள். முதல் நாள்களுக்குள் இருந்தால் முழுப் பொருளையும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதுதான் என் கருத்தில் சரி. பல வாரண்டி விதிகள் பழுது பார்க்கும்போது புதுப்பிக்கப்பட்ட பாகத்தைப் போட அனுமதிக்கின்றன. ஆல்-இன்-ஒன்னைத் திறந்து மூடும்போது உள்ளே தூசி போகும் அபாயமும் இருக்கிறது.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் துணை. அதன்கீழ் 2020இல் வந்த மின்வணிக விதிகள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக்கூடாது என்கின்றன. முடியாது என்று கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் அதற்குக் கட்டணமே கிடையாது. பிரிட்டனில் இருப்பவர்களுக்கு 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் நிராகரிக்கும் உரிமையைத் தருகிறது.

மாற்றி வந்த திரையிலும் அதே சாம்பல் படத்தை அன்றைக்கே போட்டுப் பாருங்கள். முற்றிலும் சீரான எல்சிடி திரை கிட்டத்தட்டக் கிடையாது. தேடித் தேடிப் பார்த்தால் எதிலும் ஏதாவது ஒரு சாயல் கண்ணில் படும். கணக்கு, கடிதம், பாடம், படம் பார்ப்பது என்பவர்களுக்கு, சோதனைப் படத்தில் மட்டும் தெரிந்து வேலையில் தெரியாத மஞ்சள் ஒரு பொருட்டல்ல, வைத்துக்கொள்ளலாம். சிவகாசியில் காலண்டருக்கு நிறம் பார்ப்பவரும், திருப்பூரில் துணிக்குச் சாயம் தேர்ந்தெடுப்பவரும், கல்யாண ஆல்பம் செய்பவரும் அப்படி விட முடியாது. அவர்களுக்கு இரண்டாவதும் சரியில்லை என்றால் மூன்றாவதையும் அதே மாடலில் கேட்பதில் பலன் குறைவு. பணத்தைத் திரும்ப வாங்கி, பேனலின் சீர்மையைத் தொழிற்சாலையிலேயே அளந்து அறிக்கையோடு தரும் மாடலுக்கு மாறிக்கொள்வது நல்லது.